வாசகர் கேள்வி – பதில்: கண்ணுக்குத் தெரியும் ஏ.சி. டக்டுக்குப் பெயிண்ட்

ஃபால்ஸ் சீலிங் போடாமல், கூரையடியில் ஓடும் ஏ.சி. டக்டை, அதாவது குளிர்ந்த காற்று போகும் தகட்டுக் குழாயை, அப்படியே தெரியவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் காபி கடை, ஜிம், அலுவலகம் என்று எங்கும் வந்துவிட்டது. கூடவே உரிகிறது, சொட்டுகிறது, துருப்பிடிக்கிறது என்ற புகார்களும் வருகின்றன. இந்த இதழில் அவை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (காபி கடை உரிமையாளர், கோவை): எட்டு மாதத்துக்கு முன் ஜி.ஐ. டக்டுக்கு ஒரு கோட் ரெட் ஆக்சைடு, அதன் மேல் இரண்டு கோட் கறுப்பு எனாமல் அடித்தோம். இப்போது தாள் தாளாக உரிந்து மேசை மேல் விழுகிறது. பெயிண்ட் போலியா, பெயிண்டர் தின்னரை அதிகம் ஊற்றிவிட்டாரா?

பதில்: இரண்டும் இல்லாமலே இப்படி ஆகும். ஜி.ஐ. என்பது துத்தநாக முலாம் பூசிய (கால்வனைஸ்டு) இரும்புத் தகடு. அதன் மேல்முகம் இரும்பு அல்ல, துத்தநாகம். ரெட் ஆக்சைடு பிரைமரும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிந்தெடிக் எனாமலும் எண்ணெய் சேர்ந்த ஆல்கைட் பிசினால் ஆனவை. காற்றின் ஈரம் பெயிண்ட் படலத்துக்குள் மெல்ல இறங்கும்போது துத்தநாகத்தின் மேல் காரத்தன்மையுள்ள சேர்மங்கள் உண்டாகின்றன. அவை ஆல்கைடின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து துத்தநாக சோப்பாகிவிடும். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும் அதே வேதியியல்தான் இங்கும் நடக்கிறது. பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே சோப்புப் படலம் வந்தபின் பிடிமானம் எங்கே இருக்கும்?

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாக, தொட்டால் மாவு போலவோ வழவழப்பாகவோ இருந்தால் காரணம் இதுதான். அடித்த அன்று பெயிண்ட் கச்சிதமாகப் பிடித்திருக்கும், நகத்தால் கீறினாலும் வராது. சோப்பாக மாற மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் வேலை முடிந்து பணம் கொடுத்து வெகுநாள் கழித்துத் தெரிகிறது. விலை உயர்ந்த எனாமல் வாங்கியிருந்தாலும் இதே கதிதான். டப்பாவில் 'மெட்டல் பிரைமர்' என்று எழுதியிருப்பது போதாது. 'கால்வனைஸ்டு தகட்டுக்கு ஏற்றது' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: உரிந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட் அடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புதுப் பெயிண்ட் காயும்போது இழுக்கும் இழுப்பில், இன்னும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயிண்டும் கூடவே கிளம்பும். முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கக் கூடாது. 120 ஜி.எஸ்.எம். தகடு என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம்; ஒரு பக்கத்தில் சுமார் 8 மைக்ரான் கனம்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிரைண்டர் அதை நொடியில் எடுத்துவிடும், பிறகு வருவது சிவப்புத் துரு. அகலமான ஸ்கிராப்பரும் நைலான் நாரும் போதும். காஸ்டிக் கலந்த பெயிண்ட் ரிமூவர், பாத்ரூம் கழுவும் ஆசிட் இரண்டும் துத்தநாகத்தைத் தின்னும். பக்கத்தில் வரக் கூடாது. சுரண்டி முடிந்ததும் சோப்புப் படலம் போகும்வரை நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். அதன்பின் செய்ய வேண்டியது புதுத் தகட்டுக்கு உள்ளதுதான். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (அலுவலகப் பராமரிப்பாளர், சென்னை): புதிதாக மாட்டிய டக்ட், 600 × 300 மி.மீ., மொத்தம் 40 மீட்டர். உள்பக்கம் இன்சுலேஷன் ஒட்டியிருக்கிறார்கள். முதலிலிருந்து என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்?

பதில்: கணக்கை முதலில் முடிப்போம். சுற்றளவு 600 + 300 + 600 + 300, அதாவது 1.8 மீட்டர். 40 மீட்டருக்கு 72 சதுர மீட்டர். ஃபிளாஞ்சு (டக்ட் துண்டுகள் சேரும் விளிம்பு), வளைவு, கிளை டக்ட் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் கூட்டினால் சுமார் 83 சதுர மீட்டர், அடிக்கணக்கில் 890 சதுர அடி. வட்ட டக்டாக இருந்தால் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு வந்துவிடும்.

பெயிண்ட் எவ்வளவு பரவும் என்பதற்கு டப்பா மேல் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பெயிண்ட் நிறுவனத்தின் தகவல் தாளில் கன அளவில் திடப்பொருள் (காய்ந்தபின் மிஞ்சும் பகுதி) எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும் என்பது தெரியும். 50 சதவீதத் திடப்பொருள் உள்ள பிரைமரை 50 மைக்ரான் கனத்துக்கு அடித்தால் லிட்டருக்கு 10. இது ஏட்டுக் கணக்கு. ரோலரில் 8 என்றும், ஸ்ப்ரேயில் 6.5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டக்டுக்குப் பிரைமர் ரோலரில் 11 லிட்டர், ஸ்ப்ரேயில் 13 லிட்டர். மேல் பெயிண்ட் 40 சதவீதத் திடப்பொருளோடு, கோட்டுக்கு 40 மைக்ரான் வீதம் இரண்டு கோட் என்றால் ரோலரில் 21, ஸ்ப்ரேயில் 26 லிட்டர்.

இனி வேலை. உழைப்பில் பாதிக்கு மேல் பிரைமர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செலவாக வேண்டும்; அதைக் குறைத்துக் கூலி பேசினால் அந்த மிச்சம் பின்னால் உரிந்து விழும்.

புதுத் தகட்டில் மடிப்பு மெஷினின் எண்ணெயும், வெள்ளைத் துரு வராமலிருக்க ஆலையிலேயே பூசிய மெல்லிய பாதுகாப்புப் படலமும் இருக்கும். முதலில் மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டு மீட்டருக்கு ஒரு முறையாவது துணியை மாற்றுங்கள். இல்லையென்றால் எண்ணெயை எடுப்பதற்குப் பதில் பரப்பிக்கொண்டே போவீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில், பச்சை நைலான் நாரால் ஈரத்தோடு தேயுங்கள். ஈரத்தோடு என்பது முக்கியம். ஆலைப் படலத்தில் குரோமேட் இருக்கக்கூடும், அதன் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்தெடுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கைத் தெளிப்பானில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தாமரை இலை போல முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. ஒரே விரிப்பாகப் பரவினால் தகடு தயார்.

வெள்ளைத் துரு, அதாவது சுண்ணாம்பு தெளித்ததுபோல் தெரியும் திட்டு இருந்தால் நைலான் பிரஷால் தேய்த்தெடுங்கள். டக்ட் ஃபேப்ரிகேட்டர் மார்க்கரில் எழுதிய எண்களைத் தின்னரால் அழித்துவிடுங்கள். அந்த மை இரண்டு கோட் வெள்ளைப் பெயிண்டையும் தாண்டி மேலே வரும். வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூ தலையிலும் சிவப்புத் துரு ஆரம்பித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் எமரியால் தேய்த்துத் துத்தநாகம் நிறைந்த பிரைமரைத் தொட்டு வையுங்கள். தொங்கவிடும் ஆங்கிள் முலாம் பூசாத சாதா இரும்பாக இருந்தால், ரெட் ஆக்சைடு அங்கே போகட்டும். அதற்கு உரிய இடம் அதுதான்.

பிரைமருக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று, ஜிங்க் பாஸ்பேட் சேர்ந்த இரண்டு பாக எபாக்சி பிரைமர், 40 முதல் 50 மைக்ரான். கலந்தபின் தகவல் தாள் சொல்லும் நேரம், பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம், அப்படியே வைத்திருந்து அடிக்க வேண்டும். நம் வெயிலில் கலவை சில மணி நேரத்தில் இறுகிவிடும். அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இரண்டு, ஜி.ஐ.க்கென்றே செய்த நீர் கலவை அக்ரிலிக் பிரைமர். ஆட்கள் வேலை செய்யும் கட்டடத்துக்கு வாடை குறைவான இதுவே மேல். எட்ச் பிரைமர் அல்லது வாஷ் பிரைமர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பாஸ்பாரிக் அமிலத்தால் தகட்டைக் கடித்துப் பிடிப்பது அது. 8 முதல் 12 மைக்ரானுக்கு, அடியில் தகடு தெரிகிற அளவு மெல்லிசாக மட்டுமே அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் அதுவே நடுவில் பிளந்து உரியும். பழகிய கை இருந்தால் மட்டும் தொடுங்கள்.

மேல் பெயிண்டுக்கு நீர் கலவை அக்ரிலிக் எனாமல் போதும். பாலியூரிதேன் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஸ்ப்ரே செய்யும்போது பறக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல், அடைத்த அறைக்குள் அதை அடிக்க விடாதீர்கள்.

வானிலையையும் சொல்லிவிட வேண்டும். முந்தின இரவே ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். தகட்டின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் பனிக்கும் வெப்பத்தைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் எபாக்சி மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் பூக்கும். அடுத்த கோட் அதன் மேல் நிற்காது. அப்படிப் பூத்துவிட்டால் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, லேசாக எமரி போட்டபின் தொடருங்கள்.

முழு டக்டையும் அடிக்குமுன் மறைவான ஓர் இடத்தில் ஒரு சதுர அடி அடித்து, ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அவற்றின் குறுக்கே ஆறு கோடு கீறினால் 25 கட்டம் வரும். நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால், தகட்டைச் சுத்தம் செய்த வேலைக்கே திரும்புங்கள்.

கேள்வி (துணிக்கடை, புதுச்சேரி): எங்கள் டக்ட் வியர்த்துச் சொட்டுகிறது. பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நிற்காது. கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரியில் பனிக்க ஆரம்பிக்கும். டக்டுக்குள் ஓடும் காற்றோ 13 டிகிரி அளவில் இருக்கும். இன்சுலேஷன் இல்லாத தகடும் அதை ஒட்டியே குளிர்ந்திருக்கும். கடற்கரை ஊரில், வாடிக்கையாளர் வந்துபோகக் கதவு திறந்து மூடும் கடையில், காலையில் ஏ.சி. போட்ட முதல் ஒரு மணி நேரம் டக்ட் வியர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு மூன்று கோட் பெயிண்டின் மொத்தக் கனம் 0.1 முதல் 0.15 மி.மீ. இதற்கென்று ஒட்டும் நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் 19 அல்லது 25 மி.மீ. ஒன்று செய்யும் வேலையை மற்றது எப்படிச் செய்யும்? வியர்வையைத் தடுப்பதாக விற்கும் பெயிண்ட், கொஞ்ச நேர ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பிறகு காற்றில் விடும். நாள் முழுக்க வியர்க்கும் டக்டில் அதுவும் நிரம்பிச் சொட்டும்.

முதலில் ஜாயிண்டுகளைப் பாருங்கள். ஒரு மெல்லிய தாளை ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்தால் கசியும் காற்றில் ஆடும். கசிவை அடைத்தாலே சில இடத்தில் சொட்டு நிற்கும். மிச்சத்துக்கு இன்சுலேஷன்தான் தீர்வு. புது டக்டானால் உள்பக்க லைனிங் அல்லது இரட்டைச் சுவர் வட்ட டக்ட். இருக்கிற டக்டானால் வெளியே நைட்ரைல் ரப்பர் ஷீட். அதன் மேலும் பெயிண்ட் அடிக்கலாம். ஒட்டிய பசை உலர ஒன்றரை நாள் விட்டு, நீர் கலவைப் பெயிண்ட் மட்டும் அடியுங்கள். தின்னர் கலந்த பெயிண்ட் ரப்பரைக் கெடுக்கும்.

கேள்வி (பயிற்சி மைய நிர்வாகி, மதுரை): கூரை, டக்ட், பைப், ஒயர் டிரே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கறுப்பு ஸ்ப்ரே அடித்துத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். வேலையும் சீக்கிரம் முடியும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: ஸ்ப்ரேக்குச் சம்மதிக்கலாம், 'எல்லாவற்றையும்' என்பதற்குச் சம்மதிக்கக் கூடாது. தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் தலை மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் படக் கூடாது. சிவப்புத் திரவம் நிறைந்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடைந்தால்தான் தண்ணீர் வரும். பெயிண்ட் படிந்தால் சூடு ஏறத் தாமதமாகும், மூடியும் ஒட்டிக்கொள்ளும். தின்னரால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. பெயிண்ட் பட்ட தலையைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும் என்பதே விதி. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காகிதப் பை கட்டி, ஸ்ப்ரே முடிந்த உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள். பை கட்டியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லாததற்குச் சமம். அப்போது வெல்டிங் வேலை கூடாது, ஓர் ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். ஸ்மோக் டிடெக்டருக்கும் அப்படியே மூடி போட்டு, எத்தனை போட்டோம் என்று எழுதி வைத்து, சாயங்காலம் எண்ணிக் கழற்றுங்கள். மறந்துபோன ஒரு மூடி வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிடும்.

இவற்றோடு தீ டேம்பரின் (தீப்பிடித்தால் டக்டை அடைக்கும் தடுப்பு) உருகும் இணைப்பு, காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரின் கைப்பிடி, ஏ.ஹெச்.யு.வையும் (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் மெஷின்) டக்டையும் இணைக்கும் கேன்வாஸ், ஆய்வுக் கதவின் ஓரம், ஒயர்கள், பெயர்ப் பலகை ஆகியவற்றையும் மூடிவைக்கச் சொல்லுங்கள். கேன்வாஸில் பெயிண்ட் காய்ந்தால் அது விறைத்து வெடிக்கும். ஏ.ஹெச்.யு. நின்றிருக்க வேண்டும், எல்லா கிரில்லும், குறிப்பாக அறைக் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில், பாலித்தீனால் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் புகை ஃபில்டரிலும் காயிலிலும் போய் ஒட்டும், வாடை வாரக்கணக்கில் சுற்றிவரும்.

ஏர்லெஸ் மெஷின் (காற்று கலக்காமல் அழுத்தத்தால் தெளிப்பது) என்றால் 313 முனை டக்டுக்குச் சரி: 30 செ.மீ. தூரத்தில் ஆறு அங்குல அகலம், துளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு. ட்ரைஃபால் வகைப் பெயிண்ட் கிடைத்தால் நல்லது. உயரத்திலிருந்து விழும் துளி தரையைத் தொடுமுன் காய்ந்து தூளாகிவிடும், பெருக்கி அள்ளலாம். ஆனால் ஈரக் காற்றில் அது காயாமலே இறங்கும். ட்ரைஃபாலே ஆனாலும் தரைக்குப் பாலித்தீன் விரிக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள். சாரம் டக்டின் மேல் சாயக் கூடாது. பாதுகாப்பு பெல்ட்டை டக்ட் தொங்கும் கம்பியில் மாட்டக் கூடாது. அந்தக் கம்பி தகட்டைத் தாங்கப் போட்டது, விழும் ஆளைத் தாங்க அல்ல.

கேள்வி (பெயிண்டர், சேலம்): தகட்டில் நன்றாகப் பிடிக்கிறது. ஜாயிண்ட் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் விலகிக் குழி குழியாக நிற்கிறது. ஏன்?

பதில்: சிலிகான். டக்ட் ஆட்கள் கசிவை அடைக்கச் சிலிகான் வைத்திருப்பார்கள். அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. துடைத்த துணியில் ஒட்டி வந்து பக்கத்துத் தகட்டையும் கெடுக்கும். பிளேடால் வெட்டி எடுத்து, புதுத் துணியால் தின்னர் போட்டுத் துடைத்து, பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் டக்ட் சீலன்ட் வையுங்கள். அடுத்த வேலையில் டக்ட் மாட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் நல்லது. அலுமினிய டேப் ஒட்டிய ஜாயிண்டும் இதே தொல்லைதான். டேப் நாளடைவில் தளரும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

கேள்வி (உணவகம், திருச்சி): சமையலறை எக்ஸாஸ்ட் டக்டையும் ஹாலில் உள்ள டக்டின் நிறத்திலேயே அடிக்க விரும்புகிறோம்.

பதில்: வேண்டாம். உள்ளே எண்ணெய்ப் படிவு. அது எரிந்தால் டக்ட் பழுக்கக் காயும். வெளியே அடித்த சாதாரணப் பெயிண்டும் சேர்ந்து எரியும். நிறம் கட்டாயம் என்றால் வெல்டிங் செய்த இரும்பு டக்டில் மட்டும் சிலிகோன் பிசின் கலந்த வெப்பம் தாங்கும் பெயிண்ட், அதுவும் முழுவதும் எண்ணெய் நீக்கியபின். ஜாயிண்டில் எண்ணெய் கசிந்து வழிந்த தடம் தெரிந்தால் அதன் மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். முதலில் கசிவை வெல்டிங் வைத்து மூடி, உள்ளே சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி (கட்டடக்கலை மாணவி, தஞ்சாவூர்): டக்டுக்கு எந்த நிறம், எவ்வளவு பளபளப்பு என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: நிறத்துக்கு முன் பளபளப்பை முடிவு செய்யுங்கள். பெரிய தட்டைத் தகடு லேசாக உப்பியும் குழிந்தும்தான் இருக்கும். கிளாஸ், அதாவது முழுப் பளபளப்பு, அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் தெரியும். பளபளப்பில்லாத மேட் அதை மறைக்கும், ஆனால் தூசியையும் எண்ணெய்ப் புகையையும் பிடித்துக்கொள்ளும். அதனால் உணவகத்துக்கு இரண்டுக்கும் நடுவான சாட்டின், அலுவலகத்துக்கு மேட். சுழல் மடிப்பு உள்ள வட்ட டக்ட் விறைப்பானது, அதற்கு எதுவும் பொருந்தும்.

மறைய வேண்டும் என்றால் கூரைக்கும் டக்டுக்கும் ஒரே நிறம். கறுப்பு வைத்தால் கூரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் போய்விடும். விளக்குக் கணக்கைத் திருத்தாமல் கறுப்பு அடிக்கக் கூடாது. மறைக்காமல் காட்ட வேண்டும் என்றால் பாரிஸில் 1977-இல் திறந்த பாம்பிடு கலை மையத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர்கள் ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் அங்கே காற்றுக் குழாய்க்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என்று வைத்தார்கள். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்பதை நிறமே சொல்லிவிடும்.

நிறம் எதுவானாலும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு 2017 நவம்பர் முதல் இந்தியாவில் அதுதான் சட்ட வரம்பு. ஆனால் தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வராததால், மஞ்சளும் ஆரஞ்சும் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி (டக்ட் ஃபேப்ரிகேட்டர், திருப்பூர்): மாட்டியபின் அடிப்பதா, கீழேயே அடித்து மாட்டுவதா?

பதில்: பிரைமரும் முதல் கோட்டும் கீழே, கடைசிக் கோட் மேலே. கழுவித் துடைப்பது தரையில் பாதி நேரத்தில் முடியும். கூரையை ஒட்டித் தொங்கும் டக்டின் மேல்முகத்துக்கு மாட்டியபின் கையே போகாது. ஃபிளாஞ்சின் சேரும் முகத்தில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். மாட்டும்போது படும் கீறலுக்குப் பிரைமர் தொட்டு வைத்தபின்தான் கடைசிக் கோட். தகடு வாங்கும் முன்பே பெயிண்ட் என்று தெரிந்தால் கால்வனீல் தகடு கேட்டுப் பாருங்கள். துத்தநாகமும் இரும்பும் கலந்த, மங்கலான சாம்பல் முகம் அதற்கு. பெயிண்ட் அதில் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று. கிரில் மாட்டும் வாயின் உள்பக்கம் கை எட்டும் அளவுக்கு மேட் கறுப்பு அடித்துவிட்டு மாட்டுங்கள். கீழிருந்து பார்ப்பவருக்குப் பளபளக்கும் தகடு கிரில் வழியே தெரியாது. அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம்.